‘வாலைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டது குற்றமா?

கேள்வி: நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோயம்புத்தூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊர்க் குளத்துக்கு எட்டு ஆண்டுகளாக, ஞாயிறு தவறாமல், ஆறு பேர் சேர்ந்து பறவை பார்க்கப் போகிறோம். எங்களில் இளையவரான ஒரு தம்பிக்குப் பைனாகுலர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். போன மாதம் கோரைக்குள்ளிருந்து எழும்பிய மூன்று பறவைகளை ‘ஊசிவால் உள்ளான்’ என்று குறித்தேன். திரும்பும் வழியில் டீக்கடையில், எல்லோர் முன்னிலையிலும், “வாலைப் பாத்தீங்களா சார்? பாக்காம எப்படி எழுதுனீங்க?” என்று அவர் கேட்டார். வீட்டுக்குப் போனதும் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கியும் விட்டார். அதற்கு முந்தைய மாதம் எங்களில் இன்னொருவர், கைவிடப்பட்ட கல்குவாரியில் முட்டையிட்டிருந்த கொம்பன் ஆந்தையைப் பற்றிப் படம் எடுக்கும் நண்பர்களிடம் சொல்லிவிட, பத்துப் பன்னிரண்டு பேர் இரவில் விளக்கோடு வந்து நின்றார்கள். நான் சத்தம் போட்டேன். எனக்குப் பொறாமை என்றார்கள். அன்றைக்கு அந்தத் தம்பி வாயே திறக்கவில்லை. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பை இந்த முறை நான் தனியாகவே செய்துவிடலாமா? யார் பக்கம் நியாயம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை மாவட்டம்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஆந்தை விஷயத்தில் நியாயம் முழுவதும் உங்களிடம் இருக்கிறது. உள்ளான் விஷயத்தில் அந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி. கேட்ட இடம்தான் தவறு. கசப்பானதை முதலில் முடித்துவிடுவோம் என்று உள்ளானிலிருந்தே தொடங்குகிறேன்.

“நேராகப் பறந்து கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிட்டன, இறக்கை ஓரத்தில் வெள்ளை தெரியவில்லை” என்று கடிதத்தோடு இணைத்த குறிப்பேட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல குறிப்பு. குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வரும் விசிறிவால் உள்ளான், காலடியிலிருந்து எழும்போது துணி கிழிவது போன்ற கரகரத்த ஒலியோடு, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறந்து வெகு தூரம் போய்விடும். அதன் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் வெள்ளைக் கோடு, அது திரும்பும்போதெல்லாம் பளிச்சென்று தெரியும். நீங்கள் பார்த்தவற்றில் அந்தக் கோடும் இல்லை, அந்த வெட்டுப் பறத்தலும் இல்லை. ஆகவே அவை விசிறிவால் இல்லை என்று முடிவு செய்தீர்கள். கண்ணில் பட்டு மறைவதற்குள் இவ்வளவையும் கவனித்தது எட்டு ஆண்டுப் பழக்கத்தின் பலன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. விசிறிவாலை விலக்கியதும் மிச்சமிருப்பது ஊசிவால் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டீர்கள். சுவின்ஹோ உள்ளான் என்று இன்னொன்று இருக்கிறது. நம் பக்கம் அரிதாகச் சொல்லப்படும் வலசைப் பறவை அது. பறக்கும்போது ஊசிவாலுக்கும் இதற்கும் கண்ணால் பிரித்துச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அளவு, அலகு, முகத்துக் கோடுகள் எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று படியும். உறுதியாகப் பிரிப்பது வால் இறகுகள்தான். விசிறிவாலுக்கு வழக்கமாக 14 இறகுகள் இருக்கும். ஊசிவாலுக்குப் பெரும்பாலும் 26 வரை இருக்கும்; அவற்றில் இரு ஓரங்களிலும் உள்ளவை, பெயருக்கேற்றபடி, ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் ஊசி ஊசியாக இருக்கும். சுவின்ஹோவுக்கு 20, 22 என்று இருக்கும், ஓர இறகுகளும் அவ்வளவு மெலிந்து போவதில்லை. இந்த எண்ணிக்கையை எழும்பிப் போகும் பறவையில் எவராலும் பார்க்க முடியாது. நானும் பார்த்ததில்லை. ஆகவே “வாலைப் பாத்தீங்களா சார்?” என்ற கேள்வி உங்களை மடக்குவதற்காகக் கேட்கப்பட்டதாக இருந்தாலும், பறவையியல் கேட்கும் கேள்வியும் அதுவேதான்.

“இங்கே வருவதெல்லாம் ஊசிவால்தானே, எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்” என்ற உங்கள் வாதத்தையும் பார்த்தேன். பெரும்பாலும் அது ஊசிவாலாகவே இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால், எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதற்காக நீங்களும், நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்பதற்காக அடுத்த ஊர்க்காரரும் எழுதிக்கொண்டே போனால், சுவின்ஹோ உள்ளான் தமிழ்நாட்டில் அரிது என்ற அறிவே, யாரும் வாலைப் பார்க்காமல் நாமாகச் சேர்ந்து கட்டிய கோபுரமாக ஆகிவிடும். நாம் பறவைப் பட்டியல்களை இடும் ஈபேர்ட் இணையதளத்தில் ‘ஊசிவால் அல்லது சுவின்ஹோ உள்ளான்’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக இடும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பது தோல்வி என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து உறுதியான பெயர்களுக்கு நடுவே இப்படி ஒரு பதிவு இருக்கும் பட்டியலைப் பார்த்தால், மற்ற பத்தையும் நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் கைகொடுப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன் என்றாலும், இந்தப் பாடத்தை நான் கற்றது இன்னொருவர் கையால்தான். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், மாலை வெயிலை எதிர்த்துப் பார்த்தபடி, மார்பில் வெளிறிய கோடுகளும் இறக்கையில் புள்ளிகளுமாக வட்டமிட்ட ஒரு பறவையைப் புள்ளிக்கழுகு என்று எழுதி, அடியில் கோடும் போட்டு, மூத்தவர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிட்டு, “வால் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் அதே நேரத்தில், அதே பனை மரத்தின் மேல், அதே பறவை வாலைத் திருப்பிக் காட்டியது. நடுவில் பிளவுபட்ட வால். குப்பை மேட்டில் கோழிக் குடலைப் பொறுக்கும் கள்ளப்பருந்து, அதுவும் வயது வராத இளம் பருந்து. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். என் குறிப்பேட்டில் பருந்து ஒரு நாள் முழுக்கக் கழுகாக இருந்தது. அந்த மூத்தவர்மேல் எனக்கு ஒரு வாரம் கோபம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு பெயரை யாரும் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் மட்டும் வாழும் ஒரு சிற்றாந்தை, 1884க்குப் பிறகு காணாமல் போயிற்று என்றே கருதப்பட்டது. குஜராத்தில் மாண்டவி என்ற இடத்தில் 1914இல் ஒன்றைச் சுட்டு எடுத்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு பதப்படுத்திய உடலுக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பறவையியலாளர் சாலிம் அலி உள்ளிட்டவர்கள் பின்னாளில் அந்த ஆந்தையைத் தேடியபோது அந்தச் சீட்டையும் நம்பினார்கள், ஏமாந்தார்கள். அது வேறொருவர் முன்பே சேகரித்திருந்த உடலைத் திருடிப் பொய்ச் சீட்டு ஒட்டியது என்று பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடக்குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தேடிய அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் அவருடைய தோழர்களும் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அதை உயிரோடு பார்த்தார்கள். மைனர்ட்ஸ்ஹாகன் பொய் சொன்னார், நீங்கள் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் ஏறிவிட்ட பெயருக்கு எழுதியவரின் மனம் தெரியாது. பின்னால் வருபவர்களை அது நடக்க வைக்கும்.

இனி அந்தத் தம்பியின் பக்கத்துத் தவறு. கிரிக்கெட்டில் நடுவர் இருக்கிறார், சதுரங்கத்தில் பலகை இருக்கிறது. பறவை பார்ப்பதில் ‘பார்த்தேன்’ என்று சொல்பவரின் சொல்லைத் தவிரப் பெரும்பாலும் வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் “உறுதியாகத் தெரியுமா?” என்று கேட்டாலே “நீ பொய் சொல்கிறாய்” என்று காதில் விழுகிறது. என் அனுபவத்தில் பறவைக் குழுக்கள் உடைவது பணத்தாலோ பதவியாலோ குறைவு. ஒரு கதிர்க்குருவியின் புருவக் கோடு மஞ்சளா வெள்ளையா என்பதில் தொடங்கி, இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். இது தெரிந்தவர்கள் கேள்வியைக் கரையிலேயே, கோரையைப் பார்த்துக்கொண்டே, “எதை வெச்சு ஊசிவால்னு முடிவு பண்ணீங்க சார், எனக்கும் சொல்லுங்க” என்று கேட்பார்கள். பஜ்ஜி தட்டுக்கு முன்னால், நான்கு பேர் சிரிப்பதற்குத் தோதாகக் கேட்பது முறையில்லை. கற்றுக்கொடுத்தவரிடம் அப்படிக் கேட்பது இன்னும் முறையில்லை.

ஆனால் பட்டியலிலிருந்து நீக்கியதைத் துரோகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் இட்ட பட்டியலை மற்றவர்களோடு பகிரும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போகிறது. தான் பார்க்காததை, அல்லது தனக்கு உறுதியில்லாததை, அவரவர் தம் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். அவர் நீக்கியதால் உங்கள் பிரதியில் எதுவும் அழியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் பதிவை இரட்டைப் பெயருக்கு மாற்றிவிட்டு, குறிப்புக்கான இடத்தில் இப்படி எழுதுவது: ‘காலை 6.50, கிழக்குக் கரை. கோரையிலிருந்து 3 எழும்பின. பின்விளிம்பில் வெண்கோடு தெரியவில்லை. நேராகப் பறந்து சுமார் 30 மீட்டரில் இறங்கின. வால் பார்க்க இயலவில்லை.’ கடைசி வாக்கியத்தை எழுதக் கை கூசும். எழுதிவிடுங்கள்.

ஆந்தை விஷயத்துக்கு வருகிறேன். கொம்பன் ஆந்தை சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை இடுக்கிலோ குவாரியின் விளிம்பிலோ வெறும் மண்ணில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். அடைகாக்கும் பறவையை எழுப்பிவிட்டால் அந்த முட்டைகள் கீரிக்கும் பாம்புக்கும் திறந்த தட்டில் வைத்தது போல ஆகிவிடும். பகலில் எழுப்பினால் காகங்கள் சூழ்ந்துகொண்டு ஆந்தையைத் திரும்ப விடாது. இரவில் பத்துப் பேர் விளக்கோடு நிற்பதை, ஒரே ஒரு நல்ல படத்துக்காகத்தான் என்று எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமல், கேமராவோடு போனாலும் சட்டத்தின் கண்ணில் அது அந்தச் சொல்லுக்குள் வந்து விழக்கூடும் என்பதை அந்த நண்பர்களுக்குச் சண்டையில்லாமல் எடுத்துச் சொல்லலாம். மூடநம்பிக்கைக்காக ஆந்தையைப் பிடித்து விற்பவர்கள் இந்நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால், இடம் வெளியே போனால் வரப்போவது படம் எடுப்பவர்கள் மட்டும் என்ற உறுதியும் இல்லை. கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் சத்தம் போட்டதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. மறுபடியும் கூட்டம் வந்தால் தனியாகப் போய் மல்லுக்கு நிற்காமல், குவாரிக்கு உரியவரிடமும் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்திலும் தகவல் சொல்லிவிடுங்கள். குழுவுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: கூடு இருக்கும் இடம் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது, குஞ்சுகள் பறந்து போகும் வரை. அதை மீறியவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்திருந்தாலும், அந்தப் பருவம் முழுக்க அவரை அழைக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளானுக்கு இரண்டு பக்கமும் ஆந்தைக்கு அரைப் பக்கமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனாலும் கோபத்தின் வேர் அந்த அரைப் பக்கத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. குவாரியில் பத்துப் பேருக்கு எதிரே நீங்கள் ஒற்றை ஆளாக நின்றபோது, நீங்கள் வளர்த்த பிள்ளை பேசவில்லை. அடுத்த மாதம் அவருக்குப் பேச வாய் வந்தபோது, அது உங்களிடம் வால் இறகு கேட்பதற்காக வந்தது. வருத்தம் இதுதான் என்றால், உள்ளானை நடுவில் வைத்துப் பேசினால் தீராது. அவரைத் தனியே அழைத்து, “அன்றைக்கு ஏன் பேசாமல் நின்றாய்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அவருக்கும் ஒரு பதில் இருக்கலாம்; படம் எடுத்தவர்கள் அவருடைய வயதுக்காரர்கள், நண்பர்கள். அந்த வயதில் நண்பர்களுக்கு எதிராகப் பேசுவது, ஓய்வு பெற்றவரிடம் வாலைப் பற்றிக் கேட்பதைவிடக் கடினம்.

பொங்கல் கணக்கெடுப்பைத் தனியாகச் செய்யலாமா என்றால், செய்யலாம். 2015இலிருந்து நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும், குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியல் இடலாம். தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் செய்யலாம். ஆனால் அந்தக் குளத்தை விட்டுவிடாதீர்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடித்தளம் 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இட்ட 3 கோடிக்கும் அதிகமான பதிவுகள். அப்படிப்பட்ட ஆய்வுக்கு ஒரு அரிய பறவையின் பெயரைவிட, ஒரே குளத்தில், ஒரே நேரத்தில், பார்த்த எல்லாவற்றையும் விடாமல் எழுதிய பட்டியல்களே அதிகம் பயன்படும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் உட்பட. எட்டு ஆண்டுகளாக நீங்கள் ஆறு பேரும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ஒருவர் தாழைக்கோழியை எண்ண, ஒருவர் வாத்தை எண்ண, காது கூர்மையானவர் கருவேல மரத்துக்குள் கேட்பதைச் சொல்ல, ஒருவர் எழுத என்று பழகிப்போன ஏற்பாட்டைத் தனி ஆளாக ஈடுகட்ட முடியாது. தனியாகப் போனால் எண்ணிக்கை குறையும். குறைந்தது பறவையா, ஆளா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. கோபம் ஆறவில்லையென்றால், பொங்கலன்று வேறு குளத்துக்குத் தனியாகப் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குளத்துக்கு வழக்கம்போலச் சேர்ந்தே போங்கள். வாத்து 340ஆ 410ஆ என்று வரும் சண்டைக்கு மருந்து எளிது: இருவரும் தனித்தனியாகப் பத்துப் பத்தாக எண்ணி, எழுதிய பிறகு காட்டிக்கொள்ளுங்கள். எண்ணும்போது சத்தமாகச் சொன்னால் ஒருவர் எண் இன்னொருவர் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த மூன்று உள்ளான்களைப் பற்றி இன்னும் ஒன்று. வால் இறகைப் பார்க்க வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளான் இறகு கோதும்போதும் சோம்பல் முறிக்கும்போதும் வாலை ஒரு நொடி விசிறி போல விரிக்கும். அந்த நொடியில் எடுத்த தெளிவான படத்தை வைத்து ஊசிவாலையும் சுவின்ஹோவையும் பிரித்துச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். எந்தக் கோரைத் திட்டில், எந்த நேரத்தில் அவை வெளியே வந்து சேற்றில் அலகை நுழைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர், அது நீங்கள். அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நீண்ட லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இருக்கக்கூடியவர் இன்னொருவர். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்கு முன்போ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலோ, கரைக்குக் கீழே புல்லில் உட்கார்ந்து, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பறவைகளை எழுப்பக் கல் எறியாதீர்கள், பக்கத்தில் நடந்து போகாதீர்கள். மார்ச்சுக்கு மேல் அவை வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும் என்பதால் உங்களுக்கு அதிக நாட்கள் இல்லை. நல்ல படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். குவாரிப் பக்கம் மட்டும், ஏப்ரல் முடியும் வரை, நீங்கள் இருவருமே போகாதீர்கள்.